படுத்தால்தான் பணமா?

ஏப்ரல் பிறந்தால் போதும், தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து நம் தோழர்கள் கைக்கு ஓர் அட்டை வருகிறது. இப்போது பல இடங்களில் அட்டைகூட இல்லை. செல்பேசிக்கு ஓர் எண் வருகிறது, அவ்வளவுதான். "கம்பெனியே இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறது, குடும்பத்துக்கு மூன்று இலட்சம்" என்று வீட்டில் சொல்லி மகிழ்கிறோம். ஊருக்கும் போன் போட்டுச் சொல்கிறோம். அந்த மூன்று இலட்சம் எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று அலுவலகத்தில் போய்க் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. அட்டை நம் சட்டைப் பையில். பாலிசிப் பத்திரம் நிர்வாகத்தின் பீரோவில்!

அந்தப் பத்திரத்தின் ஒரு மூலையை மட்டும் இந்த இதழில் பிரித்துப் பார்க்க விரும்புகிறோம். மனநோய்க்கு அந்த அட்டை என்ன தருகிறது?

"மனநோயா, அது நமக்கெதற்கு?" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்தி, 2016இல் வெளியிட்ட தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், ஆய்வு நடந்த வேளையிலேயே ஏதோ ஒரு மனநலக் கோளாற்றால் அவதிப்பட்டுக் கொண்டிருந்ததாகச் சொல்கிறது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற சாதாரணக் கோளாறு உள்ளவர்களில் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. நூறு பேர் வேலை செய்யும் பட்டறையில் பத்துப் பேர் என்றால், நாம் நாள்தோறும் தோளோடு தோள் உரசி நிற்கிறவர்கள்தாம் அவர்கள். தூக்கம் வராமல் மூன்றாம் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர், காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று மாதம் ஒரு முறை ஈ.சி.ஜி. எடுக்கிறவர், சிரித்துப் பேசிக்கொண்டிருந்து ஆறு மாதமாக யாரோடும் பேசாதவர். வீட்டுக்குள்ளே பகலெல்லாம் தனியாக, பக்கத்து வீட்டு மொழி தெரியாமல், பிரசவித்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற தாயையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி அட்டையில் அவர் பெயரும் இருக்கிறதே!

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். ஓர் அறையில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுப்பதையும், பன்னிரண்டு மணி நேர வேலையையும், தந்தையின் சாவுக்குப் பதினாறாம் நாள் போய்ச் சேர்வதையும் பழகிக்கொண்டவர்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போதும். எந்த மொழிக்காரரும் பார்த்துச் சொல்லிவிடலாம். மனத்தின் நோயை வாயால்தான் சொல்லியாக வேண்டும். வயிற்றுவலியையே சைகையில் காட்டிப் பழகிய நாம், "உள்ளுக்குள்ளே என்னவோ செய்கிறது" என்பதை எந்த மராத்தியில், எந்தக் குஜராத்தியில் சொல்வது?

சட்டம் என்னவோ நம் பக்கம்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, உடல்நோய்க்குச் சிகிச்சைக் காப்பீடு எந்த அடிப்படையில் கிடைக்கிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதுவரை "மனநோய் நீங்கலாக" என்ற ஒரு வரி, பாலிசிகளில் பரம்பரைச் சொத்துப்போல் வந்துகொண்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் அந்த வரி உடனே போய்விடவில்லை. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் சுற்றறிக்கை விட்டது. சிலர் நீக்கினார்கள், சிலர் பார்க்காதவர்போல் இருந்தார்கள். நோயாளி ஒருவர் நீதிமன்றம் ஏறவேண்டி வந்தது. அந்த விதிவிலக்குச் செல்லாது, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்தே கம்பெனிகள் கட்டுப்பட்டவை என்று 2021 ஏப்ரலில் டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும், 2022 அக்டோபர் 31க்குள் எல்லாப் பாலிசிகளும் சட்டத்துக்கு இணங்கியாக வேண்டும் என்று ஆணையம் மீண்டும் ஒரு முறை கெடு வைக்க வேண்டியிருந்தது. ஒரு வரியை அழிக்க நான்கரை ஆண்டு! நம் சம்பளத்தில் ஒரு நாளைக் கழிக்க இவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

சரி, வரி அழிந்துவிட்டது. கிடைத்தது என்ன?

இங்கேதான் சூட்சுமம். தொழிற்சாலை எடுக்கும் குழுக் காப்பீடு பெரும்பாலும் படுக்கைக்கான காப்பீடு. 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்திருந்தால்தான் பணம். சேர்வதற்கு முன் 30 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும் சேர்த்துக் கொடுப்பது பொதுவான வழக்கம். வெளிநோயாளியாக டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வந்தால் ஒரு காசு கிடையாது. "உடல்நோய்க்கும் அப்படித்தானே? காய்ச்சலுக்கு டாக்டரிடம் போனால் தருகிறோமா? இரண்டும் சமம்தானே?" என்பது கம்பெனிகளின் வாதம். எழுத்துப்படி அது பொய்யில்லை. அதனால்தான் அதை விடாமல் பிடித்து மறுக்க வேண்டியிருக்கிறது.

எலும்பு முறிவுக்கும் குடல்வால் வீக்கத்துக்கும் படுக்கை வேண்டும். நாலு நாளில் கட்டோடு, தையலோடு வீட்டுக்கு வந்துவிடலாம். மனநோயின் போக்கு வேறு. மனச்சோர்வு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையே தேவைப்படாது. மாத்திரை தொடங்கிப் பலன் தெரியவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். தெளிந்த பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் விழுங்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். மனச்சிதைவு என்றால் ஆண்டுக்கணக்கு. டாக்டரைப் பார்ப்பது, பேசுவது, மாத்திரை, மறுபடி டாக்டர். சிகிச்சை என்பதே இதுதான். இதற்குப் பணம் இல்லை, முற்றிப்போய்க் கட்டிலில் கிடந்தால் பணம் உண்டு என்றால் இதை என்னவென்று சொல்வது? கூரையில் ஓட்டை விழுந்தபோது ஓடு வாங்கித் தரமாட்டேன், வீடு இடிந்த பிறகு வா என்பது போலல்லவா இருக்கிறது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 24 மணி நேர விதியை இந்தக் கம்பெனிகளே உடலுக்காகத் தளர்த்தியிருக்கின்றன. கண்புரை அறுவைக்கு முன்பெல்லாம் நாள்கணக்கில் படுக்க வேண்டியிருந்தது. இன்று காலையில் போய் மாலையில் திரும்புகிறோம். டயாலிசிஸ் சில மணி நேரம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது பல வேளைகளில் ஒரு பகல். இவற்றுக்கெல்லாம் "பகல்நேரச் சிகிச்சை" என்று பெயர் வைத்து, படுக்காமலே பணம் தருகிறார்கள். மருத்துவம் மாறியது, விதியும் மாறியது. நல்லது, வரவேற்கிறோம். மனநோய்ச் சிகிச்சை ஆஸ்பத்திரிச் சுவர்களை விட்டு வெளியே வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டனவே, அங்கே மட்டும் விதி ஏன் கட்டிலோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது? "அதே அடிப்படையில்" என்ற சொல்லுக்கு இது பொருளாகுமா?

சம்பளம் ஏறியதால் சிகிச்சையை இழக்கும் வேடிக்கையும் நம் நாட்டில் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. அவர் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். இ.எஸ்.ஐ. வரிசையை நாம் அறியாதவர்கள் அல்லர். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிய கதைகள் இந்த இதழிலேயே ஒரு புத்தகம் போடும் அளவுக்கு வந்திருக்கும். ஆனாலும் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். இ.எஸ்.ஐ.யில் வெளிநோயாளிக்கும் சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு, மேல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்டகால நோய்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் காசநோய், புற்றுநோய் வரிசையில் மனநோயும் இருக்கிறது. இரண்டு ஆண்டு வேலையும் சந்தாக் கணக்கும் சரியாக இருந்தால், கடும் மனநோய் கண்ட தொழிலாளிக்கு 80 விழுக்காடு சம்பளம் இரண்டு ஆண்டு வரை நீளும். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாமல் வேலையை விட்டு ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

இப்போது அந்தத் தொழிலாளிக்கு ஐநூறு ரூபாய் சம்பள உயர்வு வருகிறது, 21,000ஐத் தாண்டுகிறார் என்று வையுங்கள். நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் இ.எஸ்.ஐ. போய்விடும். கைக்குப் பளபளப்பான தனியார் இன்ஷூரன்ஸ் அட்டை வரும். குளிரூட்டிய ஆஸ்பத்திரி, சட்டைக்கை மடிப்புக் கலையாத டாக்டர்! ஆனால் மாத்திரைக்குப் பணம் இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வாங்குகிற உயர்வு மருந்துக்கடைக்கே போய்விடும். பார்க்கப் பெரிய அட்டை, மனநோயாளிக்கு மட்டும் சின்ன அட்டை. பதவி உயர்வு பெற்று வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லை. நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

குடியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்துவிட முடியாது. பேசினால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய்க்கு இலக்கணம் சொல்லும்போதே, மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்று சேர்த்துக்கொண்டது. ஆனால் 2019இல் ஒழுங்காற்று ஆணையம் வகுத்த விதிவிலக்குப் பட்டியலில், குடிக்கும் போதைப் பழக்கத்துக்கும் அவற்றால் வரும் விளைவுகளுக்கும் சிகிச்சைச் செலவு தரவேண்டியதில்லை என்று எழுதிக்கொள்ளக் கம்பெனிகளுக்கு அனுமதி இருக்கிறது. ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்துக்கொண்டது!

இதன் விளைவு எங்கே தெரிகிறது? கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போடும்போது தெரிகிறது. நாள்தோறும் குடித்துப் பழகிய தோழர் ஒருவர் பக்தியோடு ஒரே நாளில் நிறுத்துகிறார். இரண்டாம் நாள் கை நடுங்குகிறது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், இல்லாதவரோடு பேசுகிறார், வலிப்பும் வருகிறது. "சாமி வந்துவிட்டது" என்று கற்பூரம் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சாமியும் இல்லை, பேயும் இல்லை. குடியைத் திடீரென நிறுத்தியதால் வரும் நோய் அது. உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிப் படுக்கை வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடியபோது கேரளத்தில் இதனால் நேர்ந்த சாவுகளைச் செய்தித்தாளில் படித்தோமே! படுத்தால்தான் பணம் என்கிறவர்கள், படுத்தே ஆகவேண்டிய இந்த நோய்க்கு "குடியால் வந்தது, தரமாட்டோம்" என்கிறார்கள். குடிக்கிறவனுக்கு வக்காலத்தா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். பீடி குடித்து நெஞ்சுவலி வந்தவருக்கு அதே கம்பெனி பணம் கொடுக்கிறதா இல்லையா? குடியை விட நினைத்த நாளில் ஒரு மனிதனைக் கைவிடுவதால் யாருக்கு இலாபம்? நாம் முன்னே சொன்ன ஆய்வின்படியே, குடிநோய் கண்டவர்களில் 86 விழுக்காட்டினர் சிகிச்சையின்றி இருந்தார்கள். அடி வாங்குகிற மனைவிக்கும், பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளைக்கும் இந்தக் கணக்கில் இடம் இல்லை.

கண்டிராக்டரிடம் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அட்டையும் கிடையாது. ஒரே கூரை, ஒரே இயந்திரம். ஒருவர் கம்பெனி ஆள், ஒருவர் கண்டிராக்ட் ஆள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வெளிமாநிலத் தொழிலாளிக்கு அந்த நிறுவனத்தின் மற்றத் தொழிலாளிக்குக் கிடைக்கும் எல்லாப் பலன்களும் தரவேண்டும் என்கிறது. எழுத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்தின் வேலை.

கேட்பதற்கு நமக்குள்ளேயே இருக்கும் தடையையும் மறைக்க வேண்டாம். சென்னைக்காரர் "கீழ்ப்பாக்கம்" என்று சிரிப்பார். மும்பையில் "தாணே", வடக்கே "ஆக்ரா", "ராஞ்சி". ஊர்ப் பெயர்களெல்லாம் வசவாகிவிட்டன. மகளுக்கு வரன் பார்க்கிற வீட்டில் அண்ணன் மாத்திரை சாப்பிடுகிறான் என்று வெளியே சொல்ல முடியுமா? அதனால் இரவோடு இரவாக ரயில் ஏற்றி, கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோய் விடுகிறோம். நம்பிக்கையைக் குறை சொல்வது நம் நோக்கமன்று, சங்கிலியைத்தான் சொல்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று தடுத்திருக்கிறது. சங்கிலிக்குத் தடை போட்டால் மட்டும் போதுமா, மாத்திரைக்குப் பணம் வேண்டாமா?

நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சமும் பொய்யன்று. உறுப்பினர் ஒருவர் பில்லை அலுவலகத்தில் கொடுத்தார். அந்த வாரமே சூப்பர்வைசர், "மெஷின் பக்கம் போகாதே, உனக்குத் தலை சரியில்லையாமே" என்று எல்லார் முன்னும் சொன்னார். நோயைப் பற்றிய செய்தியை இரகசியமாகக் காக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு 23ஐ அந்த சூப்பர்வைசருக்கு யார் படித்துக் காட்டுவது? பில் அலுவலகம் வழியாகப் போகவே கூடாது. காப்பீட்டுக் கம்பெனிக்கோ, இடையில் பில் பார்க்கும் டி.பி.ஏ.வுக்கோ தொழிலாளியே நேராக அனுப்ப வழி வேண்டும். இதற்கு யாருக்கும் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

மற்றவற்றுக்குச் செலவு உண்டு. பிரீமியம் ஏறும் என்று நிர்வாகம் சொல்லும், அது உண்மை. ஆனால் குழுப் பாலிசி என்பது கல்வெட்டன்று. ஆண்டுதோறும் பேரம் பேசி எழுதுகிற ஒப்பந்தம். தனி ஆள் பாலிசியில் பழைய நோய்க்கும் மகப்பேற்றுக்கும் காத்திருக்க வேண்டும். பல தொழிற்சாலைகளின் குழுப் பாலிசிகளில் அந்தக் காத்திருப்பை நீக்கியிருக்கிறார்கள். எப்படி வந்தது? கேட்டதால் வந்தது. அதே மேசையில் மனநல வெளிநோயாளிச் செலவையும் மாத்திரைச் செலவையும் ஒரு வரம்புக்குள்ளாவது சேர்க்கச் சொல்லுங்கள். குடியை நிறுத்தும் சிகிச்சைக்கான படுக்கையைச் சேர்க்கச் சொல்லுங்கள். மனநோய்க்கு மட்டும் தனியாக ஐம்பதாயிரம், முப்பதாயிரம் என்று உச்சவரம்பு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் "அதே அடிப்படையில்" என்ற சட்டச் சொல்லைக் காட்டுங்கள். சில கம்பெனிகள் ஆலோசனைக்கென்று ஒரு தொலைபேசி எண் கொடுக்கின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுகிறார்கள். தமிழ் வேண்டும் என்று கேட்க வெட்கம் எதற்கு? அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசாங்கத்தால் முடிந்தது கம்பெனியால் முடியாதா?

வேலை போனால் அட்டையும் போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலையைப் பறிக்கும் நோயே காப்பீட்டையும் சேர்த்துப் பறித்துக்கொள்கிறது. குழுப் பாலிசியிலிருந்து அதே கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. காத்திருந்த காலமும் கணக்கில் சேரும். பிரீமியம் நம் தலையில்தான். இதை வேலையை விடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனிக்கு முறையீடு எழுதி ஒரு மாதம் பாருங்கள், பிறகு இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். குழுப் பாலிசிக்காரரும் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை.

பாலிசி பெரும்பாலும் ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே சங்கக் கிளைகள் இப்போதே நிர்வாகத்திடம் பாலிசிப் பத்திரத்தின் நகலை எழுதிக் கேட்க வேண்டும். நகல் கிடைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். ஆங்கிலத்தைத் தமிழில் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவருகிறவர்கள் பெயர் இருக்கும் இடத்தை மடித்துவிட்டே கொண்டுவரலாம். யாருக்கு நோய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.